ஒலி அடங்கிய வீடு

அந்த வீட்டில் எறும்புகூடச் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடக்கும் என்று அத்தை ஒருமுறை கேலி செய்தாள். வாயைப் பொத்திக்கொண்டுதான் அதையும் சொன்னாள். கூடத்தில் இருந்தவர்களும் வாயைப் பொத்திக்கொண்டே சிரித்தார்கள். உள்ளறையின் கதவு சாத்தியிருந்தது. கதவுக்கு அப்பால் பெரியவள் படித்துக்கொண்டிருந்தாள்.

பெரியவள் என்பது வீட்டில் வழங்கிய பெயர். இளையவள் மணமுடித்துக் கடல் கடந்து போய்விட்ட பிறகும் அந்தப் பெயர் மாறவில்லை. அவள் ஒரு காப்பீட்டு நிறுவனத்தின் கணக்கீட்டுப் பிரிவில் வேலை பார்த்தாள். எந்த வயதில் எத்தனை பேர் இறப்பார்கள், அதற்காக இன்றே எவ்வளவு ஒதுக்கி வைக்க வேண்டும் என்று கணித்துக் கையொப்பமிடும் உரிமை பெற்றவரை ஆக்சுவரி என்பார்கள். அந்த உரிமைக்கான தேர்வுகள் மலைத்தொடர் போன்றவை. ஒன்றைக் கடந்தால் அதன் பின்னால் மறைந்திருந்த மற்றொன்று தலைகாட்டும். பெரியவள் எல்லாவற்றையும் கடந்து கடைசித் தாளின் அடிவாரத்தில் நின்றாள். நெடுங்காலமாக அங்கேயே நின்றாள்.

அவளுக்காக வீடு தன் ஒலிகளை ஒவ்வொன்றாகத் துறந்தது. அம்மா, நான்காக மடித்த துண்டின்மேல் பலகையை வைத்துக் காய் நறுக்கினாள். பாத்திரங்களுக்கிடையே பழந்துணியைச் செருகினாள். சுவர்க்கடிகாரம் பேட்டரி தீர்ந்து நின்றபோது, அது நின்றதே நல்லது என்று விட்டுவிட்டாள். அவளுடைய காலைத் துதியும் உதடு கடவாத துதியாயிற்று. கேட்க வேண்டியவனுக்கு ஒலி எதற்கு என்று தேறிக்கொண்டாள்.

அப்பா பேருந்து ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். எஞ்சினின் உறுமலுக்கும் ஹாரனுக்கும் நடுவே ஆயுளைக் கழித்த மனிதர், தம் வீட்டில் தொலைக்காட்சியின் ஒலியை அறவே அடைத்துவிட்டுச் செய்தி பார்த்தார். "சத்தம் இல்லாட்டி எல்லா மந்திரியும் நல்லவங்களாத்தான் தெரியறாங்க" என்று மனைவியின் காதோடு சொன்னார். நாளடைவில் அவ்விருவருக்குள் ஒரு கைமொழி உண்டாயிற்று. கட்டைவிரல் உதட்டுக்குப் போனால் தண்ணீர். உள்ளங்கை கவிழ்ந்தால் அடுப்பை அணைக்க வேண்டும். சுண்டுவிரல் மட்டும் அசைந்தால் கோபம். ஊமையரும் அல்லர், செவிடரும் அல்லர். மகளின் ஒரு தாளுக்காகத் தம் பேச்சை அடகு வைத்த இருவர்.

தொடக்கத்தில் அவள் படித்தது பொய்யன்று. ஒரு தனி மனிதன் என்று சாவான் என்பதை எவராலும் சொல்ல முடியாது. ஆனால் ஓர் இலட்சம் பேரில் எத்தனை பேர் என்று ஏறத்தாழச் சரியாகச் சொல்லிவிடலாம். இந்த உண்மையை முதன்முதலாகப் புத்தகத்தில் கண்ட நாளில் அவளுக்கு மெய்சிலிர்த்தது. காட்டாற்றுக்கு எண்களால் கரை கட்ட முடியும் என்பது, கடவுளின் கணக்கில் ஒரு வரியைப் படித்துவிட்டது போன்ற களிப்பைத் தந்தது. அந்தக் களிப்பில் தாள்களை அடுக்கடுக்காகத் தேறினாள்.

பிறகு அவளுக்கு நிச்சயித்திருந்த மணம் நின்றுபோயிற்று. மாப்பிள்ளை வீட்டார் காரணம் சொல்லவில்லை; அவர்கள் சொல்லாத காரணத்தை உறவினர் ஆளுக்கொன்றாகச் சொன்னார்கள். கேள்விகளோடு வந்தவர்களை அப்பா வாசலிலேயே நிறுத்தி, "அவ படிச்சுக்கிட்டிருக்கா" என்றார். அந்த ஒரு வாக்கியம் மதிலாக எழுந்தது. வேறு இடம் பார்க்கலாமா என்றால், படிக்கிறாள். விசேஷ வீட்டுக்கு ஏன் வரவில்லை என்றால், படிக்கிறாள். முகம் ஏன் வாடியிருக்கிறது என்றால், பாவம், படிக்கிறாள். கேட்டவர்கள் அனைவரும் மதிப்போடு திரும்பிச் சென்றார்கள்.

மதிலுக்குள் இருந்தவள் எப்போது படிப்பதை நிறுத்தினாள் என்பது அவளுக்கே தெளிவாகத் தெரியாது. ஒரு தோல்விக்கும் அடுத்த தோல்விக்கும் இடையே எங்கோ அது நிகழ்ந்துவிட்டது. ஒவ்வொரு முறையும் புதிய கால அட்டவணை ஒன்றை வண்ணப் பேனாக்களால் வரைந்தாள். கோடுகள் நேராக வரவில்லையென்றால் கிழித்துவிட்டு மறுபடி வரைந்தாள். அட்டவணை முடிந்ததும் படித்து முடித்த நிறைவு வந்தது. எஞ்சிய நாட்களில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, எதிர்க் கட்டடத்தின் மாடியில் யாரோ உலர்த்திய போர்வை காற்றில் எழுந்தெழுந்து விழுவதைப் பார்த்திருந்தாள். அலுவலகத்திலிருந்து வந்து கதவைச் சாத்துவாள், சாப்பிடத் திறப்பாள், மறுபடி சாத்துவாள். தன்னைத்தானே ஏமாற்றுவதாக அவள் எண்ணவில்லை. நாளை தொடங்கிவிடலாம் என்று மெய்யாகவே நம்பினாள்.

அலுவலகத்தில் அவளுக்கு மேலாளராக வந்தவள் அவளுக்குப் பின்னால் வேலையில் சேர்ந்தவள். அவளிடமே வேலை கற்றவள். கடைசித் தாளை முந்திக்கொண்டு தேறிவிட்டாள். உருவம் சிறியது, பதவி பெரியது. ஆதலால் எல்லோரும் அவளைக் குட்டி மேடம் என்றார்கள். பிறர் முன்னிலையில் பெரியவளும் மேடம் என்பாள். தனியே இருக்கையில் குட்டி மேடம் அவளை அக்கா என்பாள். பெரியவளோ எதுவும் சொல்லி விளிக்காமல் பேச்சைத் தொடங்கிவிடுவாள்.

தேர்வு நெருங்கிவந்த ஒரு மதியம், சிற்றுண்டிச்சாலையின் மூலை மேசையில் இருவரும் அமர்ந்திருந்தபோது, தேறிய செய்தி வந்த நாளைப் பற்றிக் குட்டி மேடம் சொல்லத் தொடங்கினாள். பெண்ணுக்குக் கணக்கு வராது என்று விருந்தினர் முன்னால் சிரித்த சித்தப்பா ஒருவர் அவளுக்கு இருந்தாராம். அவருக்கு முதலில் அலைபேசியில் சொன்னாளாம். அவர், நல்லதும்மா, எனக்கு முழங்கால் வலி உயிர் போகுது என்றாராம். அவ்வளவுதான். மறுநாள் காலை எழுந்து படுக்கையிலேயே உட்கார்ந்திருந்தாளாம்; அடுத்து எந்தப் பக்கம் காலை வைப்பதென்றே தெரியவில்லையாம். நல்லவேளையாக இந்த வேலை தனக்குப் பிடித்துப்போயிற்று, இல்லையென்றால் பைத்தியம் பிடித்திருக்கும் என்று சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அக்கா, ஒண்ணு கேக்கறேன், கோச்சுக்கக் கூடாது. நீங்க பாஸ் ஆயிட்டீங்கன்னு வைங்க. மறுநாள் காலைல எழுந்து என்ன பண்ணுவீங்க?"

பெரியவள் அந்தக் காலையை மனத்தில் வரைந்து பார்த்தாள். இந்த நாற்காலியைவிட உயர்ந்த நாற்காலி, கண்ணாடித் தடுப்புக்குள் ஓர் அறை, பெயருக்குப் பின்னால் சில எழுத்துகள் எல்லாம் தோன்ற வேண்டும். ஒன்றுமே தோன்றவில்லை. அகலத் திறந்த உள்ளறைக் கதவும், அதன் வழியே அத்தையும் மற்றவர்களும் செருப்பொலியோடு நடந்து வருவதுமே தோன்றின. படிப்பு முடிஞ்சுதே, இனி என்ன என்று அவர்கள் கேட்டுக்கொண்டே வந்தார்கள்.

"தெரியல" என்றாள். காபி ஆறிப்போயிருந்தது.

அன்று மாலை வீடு திரும்பும்போது, அவர்கள் குடியிருந்த கட்டடத்தின் தரைத்தளத்தில் இருந்த தையற்கடையில் அப்பாவின் காற்சட்டையை வாங்கிக்கொள்ள நின்றாள். தையற்காரர் அதை மடித்துக் காகிதத்தில் சுற்றியபடி, மறுபடி இடுப்பைப் பிடிக்கச் சொன்னார் உங்கப்பா, இன்னும் இளைச்சா நான் புதுசாத்தான் தைக்கணும் என்று வழக்கம்போல் விளையாட்டாகச் சொன்னார். பிறகு, சாதாரணமாக, வானிலையை விசாரிப்பவர் போல, இருமல் இப்போது எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்.

எந்த இருமல் என்று கேட்டாள் பெரியவள்.

தையற்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். அவள் கேலி செய்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தார். "தினம் இங்கதானேம்மா வந்து இருமிட்டுப் போறார். பின்பக்க மாடிப்படிக்குக் கீழ, அந்த வண்டி நிறுத்தற இடத்துல. பாவம், இருமி முடிக்கவே நேரம் ஆகும். நான்தான் தண்ணி குடுப்பேன். வீட்டுல பொண்ணு படிக்குதுன்னார்."

மாடிப்படியில் அவள் ஏறியது அவளுக்கு நினைவில்லை. கூடத்தில் அப்பா இல்லை. அம்மா துண்டின்மேல் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். மகளைக் கண்டதும் கைமொழியில், அப்பா கீழே போயிருக்கிறார் என்றாள். கடைக்கு என்று காட்டுவதற்காக விரல்கள் எழுந்தன. மகளின் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நின்றன.

அம்மா எதையும் மறைக்கவில்லை. மறைத்து மறைத்துக் களைத்துப்போனவள்போல எல்லாவற்றையும் மெல்லிய குரலில் சொன்னாள். இருமல் வந்து வெகுநாளாயிற்று. முதலில் தலையணையை வாயில் அழுத்திக்கொண்டார். அதற்கு அடங்காதபோது கீழே போகத் தொடங்கினார். கைக்குட்டையில் ஒருமுறை இரத்தம் கண்டது. அம்மா அழுதாள், அவர் உதட்டின்மேல் விரலை வைத்துவிட்டார்.

"டாக்டர்கிட்ட போலாம்னு நான் சொல்லாத நாளில்ல. உன் பரீட்சை முடியட்டும்னார். அது முடிஞ்சுது. நீ மறுபடி எழுதறேன்னே. சரி, இதுவும் முடியட்டும்னார்." அம்மா கத்தியைத் துடைத்தாள். "ஒவ்வொரு தடவையும் இதுதான் கடைசின்னு நினைச்சோம்மா."

கீழே போனாள். வண்டிகளுக்கிடையே சுவரில் ஒரு கையை ஊன்றி, குனிந்து, அப்பா இருமிக்கொண்டிருந்தார். தன் தந்தையின் இருமலை அவள் அதுவரை கேட்டதில்லை. அது அவருடைய குரலைப் போலவே இல்லை. பிடிப்பு விட்ட பழைய இயந்திரம் மேட்டில் ஏற முடியாமல் திணறுவது போலிருந்தது. அவர் நிமிர்ந்து அவளைக் கண்டதும் முதலில் செய்தது, வாயைப் பொத்திக்கொண்டதுதான்.

அவரை அழைத்துப்போய்க் காட்டிய மருத்துவர் வயதில் இளையவர், எக்ஸ்ரே படத்தை விளக்கொளியில் மாட்டிவிட்டு அதையே பார்த்துப் பேசினார். நுரையீரலில் தொடங்கியது அங்கேயே நிற்கவில்லை என்றார். கொஞ்சம் முன்னாடியே கூட்டி வந்திருக்கலாம் என்றார். அதைக் குற்றமாகச் சொல்லவில்லை. வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லி மெருகேறிய வாக்கியமாக அது இருந்தது.

அலுவலகத்தில் அவள் மேசையிலேயே ஆயுள் அட்டவணை இருந்தது. அப்பாவின் வயதுக்கு நேரான வரிசையை அவள் விரல் தானாகவே தேடிச் சென்றது. அவ்வயதை எட்டியவர்களில் மிகப் பலர் அடுத்த ஆண்டையும் காண்பார்கள் என்றது அட்டவணை. அது பொய் சொல்லவில்லை. இலட்சம் பேரைப் பற்றி அது அறியும். மாடிப்படிக்குக் கீழே நின்று இருமும் ஒருவரைப் பற்றி அதனிடம் ஒரு சொல்லும் இல்லை. அந்த ஒருவரைப் பற்றி அறிந்திருக்க வேண்டியவள், மேலே, சாத்திய கதவுக்குள், போர்வை காற்றில் ஆடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தேர்வு இன்னும் வரவில்லை. மருத்துவமனையில் சேர்த்த பிறகும் அப்பா அதையே கேட்டார். வந்தவர்களை எல்லாம் சீக்கிரம் அனுப்பிவிட்டு, நீ போய்ப் படி, இங்கே செவிலிகள் இருக்கிறார்கள் என்றார். அவள் புத்தகத்தைக் கொண்டுவந்து கட்டிலருகே வைத்துக்கொண்டால் அவர் கண்ணை மூடிக்கொண்டு மூச்சைச் சிறிது சிறிதாக விட்டார். தொண்டை துடிப்பது தெரியும். நெற்றி வேர்க்கும். ஒலி வராது. இருமும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார், அடக்கக் கூடாது என்று அவள் கெஞ்சினாள். வரலம்மா என்றார். பல காலம் அடக்கி ஆண்ட ஒன்று இப்போது அவருடைய விருப்பத்துக்கும் கட்டுப்படவில்லை.

அவளுக்கு முன்னால் இரண்டு வழிகள் இருந்தன, இரண்டும் முள். தான் படிக்கவேயில்லை என்று சொன்னால், அவர் விழுங்கிய ஒவ்வோர் இருமலும் வீணுக்கு விழுங்கியதாகிவிடும். போகிற மனிதரிடமிருந்து அந்தப் பெருமையைப் பறிக்க எவருக்கு மனம் வரும்? சொல்லாவிட்டாலோ, எஞ்சிய நாட்களிலும் அவர் அடக்கிக்கொண்டே கிடப்பார். போய் எழுதிவிடுவது எளிது. தோற்பது அதைவிட எளிது. அதற்கு அவளிடம் நல்ல பழக்கம் இருந்தது. ஆனால் மறுநாள் காலை என்ன செய்வாய் என்ற கேள்விக்கு, தேர்ச்சி, தோல்வி இரண்டின் பக்கத்திலும் விடையில்லை என்பதை இப்போது அவள் தெளிவாகக் கண்டாள். தனக்கு வேண்டியிருந்தது பட்டம் அன்று. யாரும் எதுவும் கேட்காமல் இருப்பதற்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. அதற்கு ஒரு தேர்வு போதும். தேறாதிருப்பது இன்னும் நல்லது.

பிற்பகலில் சன்னல் திரையை விலக்கிவிட்டு, கட்டிலருகே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அப்பா, நான் இந்தத் தடவை எழுதப் போறதில்ல."

அவர் கண்ணைத் திறந்தார். என்னாலயா என்று கேட்டார்.

"இல்லப்பா. நான் படிக்கவேயில்ல. இப்பன்னு இல்ல, ரொம்ப காலமாவே. உள்ள சும்மாதான் உக்காந்திருந்தேன். நீங்க அத்தனை நாள் கீழ போய்..."

அப்பா பார்வையைக் கூரைக்குத் திருப்பினார். அவர் முகத்தில் அதிர்ச்சி வரும் என்று அவள் காத்திருந்தாள். அது வரவில்லை.

"தெரியும்மா" என்றார்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ்ளோ அமைதியான வீட்டுல பக்கம் திருப்பற சத்தம் கேக்காதா? முதல்ல கேக்கும். நானும் உங்கம்மாவும் கேட்டுக்கிட்டே இருப்போம். அப்புறம் கேக்கல." மூச்சு வாங்கிக்கொண்டார். "உங்கம்மா, மனசுக்குள்ளயே கணக்குப் போடறா போலன்னு சொன்னா. நானும் சரின்னேன். ரெண்டு பேருக்கும் தெரியும்."

"அப்புறம் எதுக்குப்பா?"

"நான் இருமினா நீ வெளிய வரணும். வந்தா ஆஸ்பத்திரி, சொந்தக்காரங்க, ஆளாளுக்குக் கேள்வி. உள்ள இருக்கற வரைக்கும் உன்னை யாரும் ஒண்ணும் கேக்க முடியாதுல்ல. படிக்கலன்னா என்ன, நிம்மதியா இருக்கியேன்னு நினைச்சோம்."

அவர்கள் காத்தது தேர்வை அன்று. அவளையே காத்து வந்தார்கள். எதற்காக இந்தச் சாத்திய கதவு என்று அவள் தன்னிடம் எழுப்ப அஞ்சிய கேள்விக்கு, எழுத்து வாசனை அதிகமில்லாத அந்த இருவரும் என்றோ விடை கண்டு, அதைத் தங்களுக்குள் ஒரு கையசைவாகப் பேசி, மூடி வைத்திருந்தார்கள். அது அன்பு. அவர் உயிரைத் தின்றதும் அதுவே.

"நான் உள்ள நிம்மதியா இல்லப்பா" என்றாள். "ஒரு நாள்கூட இல்ல."

அப்போதுதான் அவர் முகம் உடைந்தது. கையை எடுத்து அவள் மணிக்கட்டைத் தேடிப் பிடித்துக்கொண்டார். எலும்பும் தோலுமாயிருந்த கை. ஆயினும் பேருந்தின் திருப்புச் சக்கரத்தைப் பிடித்த பிடி இன்னும் எங்கோ மிச்சமிருந்தது.

"அது மட்டும் எங்களுக்குக் கேக்கலம்மா" என்றார்.

மறுநாள் அவள் குட்டி மேடத்திடம் போய்த் தேர்விலிருந்து விலகிக்கொள்வதாகச் சொன்னாள். அடுத்த முறை பார்க்கலாம் அக்கா என்று அவள் தேற்றத் தொடங்கினாள். அடுத்த முறையும் இல்லை, இனி இல்லை என்றாள் பெரியவள். என்றேனும் அந்தக் கணக்கின்மேல் பழைய ஆசை திரும்பி வந்தால் அப்போது பார்க்கலாம். இப்போது ஆசை இல்லை, அச்சம்தான் இருக்கிறது என்றாள். இதைச் சொல்லும்போது முதன்முறையாகக் குட்டி மேடத்தை அவளுடைய பெயரைச் சொல்லி விளித்தாள். குட்டி மேடம் எழுந்து வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அவ்வார இறுதியில் அத்தை மருத்துவமனைக்கு வந்தாள். தம்பியின் தலையைத் தடவி அழுதாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு பெரியவளிடம் திரும்பி, பரீட்சை எப்போது என்று கேட்டாள். வழக்கமாக அந்தக் கேள்விக்கு விடை சொல்பவர் கட்டிலில் கிடந்தார். உதடுகள் பிரிந்தன. பழைய வாக்கியத்துக்காக அவர் மூச்சைச் சேர்த்துக்கொள்வது தெரிந்தது.

பெரியவள் அவர் மார்பின்மேல் கையை வைத்தாள்.

"எழுதல அத்தை" என்றாள். "விட்டுட்டேன். படிக்கறதை விட்டே ரொம்ப காலமாச்சு."

அத்தைக்குப் புரியச் சிறிது நேரம் ஆயிற்று. தம்பியைப் பார்த்தாள், அவன் மனைவியைப் பார்த்தாள், மறுபடி இவளைப் பார்த்தாள். குரலில் கொடுமை இல்லை; மெய்யான திகைப்பே இருந்தது.

"அப்போ இத்தனை வருஷமா அந்த ரூமுக்குள்ள என்னதாண்டி பண்ணே?"

அவள் எத்தனையோ ஆண்டுகள் கதவைச் சாத்திக்கொண்டு தப்பி வந்த கேள்வி அதுதான். மருத்துவமனையின் அந்த அறையில் சாத்துவதற்குக் கதவில்லை. ஒரு துணித்திரைதான் தொங்கிற்று. அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். அப்பா மூடவில்லை, மகளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உக்காந்திருந்தேன், அத்தை" என்றாள் பெரியவள். "பயந்துகிட்டு."

அத்தை அடுத்து என்ன கேட்பதென்று தெரியாமல் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். பெரியவள் அவளுக்கு நாற்காலியை நகர்த்திப் போட்டுவிட்டு, அப்பா அடக்காமல் இருமுவதற்கு வாகாக, அவர் முதுகுக்குக் கை கொடுத்து நிமிர்த்தி உட்கார வைத்தாள்.